மெரிதாவின் கல்லும் செங்கல்லும்

ரோமானியக் கலையைப் பார்க்க ரோமுக்குப் போகச் சொல்வதுதான் வழக்கம். போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி, போப்பாண்டவர்களும் கர்தினால்களும் பிரபுக்களும் தங்கள் மாளிகைகளுக்காகப் பொறுக்கிச் சேர்த்தவை. எந்த இடத்தில் கிடைத்தது, யார் வீட்டு முற்றத்தில் நின்றது என்ற சேதியெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட, அழகு மட்டும் மிஞ்சிய சிலைகள் அவை. பேரரசின் ஓரத்தில், ஏதோ ஒரு மாகாணத்து ஊரில், சாதாரண ஆட்கள் ரோமானியர்களாக வாழ என்னவெல்லாம் செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் வேறு ஊர் தேட வேண்டும். நான் ஸ்பெயினின் தென்மேற்கில் இருக்கும் மெரிதாவுக்குப் போனேன்.

செவில்லிலிருந்து பேருந்து வடக்கே ஏறுகிறது. நகரம் முடிந்ததும் நிலம் மாறிவிடுகிறது. காடென்றும் சொல்ல முடியாது, வயலென்றும் சொல்ல முடியாது. இடைவெளி விட்டு நிற்கும் ஓக் மரங்கள், அவற்றின் அடியில் விழுந்த கொட்டைகளைத் தின்று திரியும் கறுப்புப் பன்றிகள், நடுநடுவே கருங்கல் பாறைகள். எக்ஸ்ட்ரிமதூரா என்ற இந்தப் பகுதிக்கு ஸ்பெயின்காரர்களே அதிகம் வருவதில்லை. பெருவைப் பிடித்த பிசாரோவும் மெக்சிகோவைப் பிடித்த கோர்த்தேசும் இங்கே பிறந்தவர்கள்தான். இந்த மண்ணைப் பார்த்தால் அவர்கள் கப்பலேறியதில் வியப்பில்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபரில் போனால் பகலில் நிம்மதியாக நடக்கலாம், சாயங்காலம் ஒரு மேல்சட்டை போதும்.

இந்த மாநிலத்தின் தலைநகர் மெரிதா. ஏறக்குறைய 60,000 பேர் வாழும் சின்ன ஊர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இது இதைவிடப் பெரிய பொறுப்பில் இருந்தது. இன்றைய போர்த்துகலின் பெரும்பகுதியை உள்ளடக்கிய லூசிட்டானியா மாகாணம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. ஊரை நிறுவியது கி.மு. 25இல். அப்போது பேரரசர் அகஸ்டஸ் வடக்கே மலைவாழ் காந்தாப்ரியர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். படையில் வயதானவர்கள், காலம் முடிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சும்மா அனுப்பினால் ஆபத்து. ஆயுதம் பிடித்துப் பழகிய ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலையில்லாமல் ரோமின் தெருக்களில் சுற்றினால் என்ன நடக்கும் என்பதை உள்நாட்டுப் போர்களில் பார்த்துச் சலித்த தலைமுறை அது. ஆகவே ஐந்தாம் படையணியிலும் பத்தாம் படையணியிலும் இருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்குக் குவாடியானா ஆற்றங்கரையில் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். பொறுப்பேற்றவர் புப்லியஸ் கரீசியஸ் என்ற ஆளுநர். அவர் வெளியிட்ட வெள்ளிக் காசில், கோட்டை வாசலும் அதன்மேல் எமெரிட்டா என்ற ஊர்ப்பெயரும் இருக்கின்றன. அதே வாசல்தான் இன்றைக்கும் மெரிதா நகராட்சியின் சின்னம்.

ஐந்தாம் படையணியை முதலில் திரட்டியது ஜூலியஸ் சீசர், அதுவும் இன்றைய பிரான்சின் ஆட்களைக் கொண்டு. எமெரிட்டாவில் குடியேறியவர்களில் எத்தனை பேர் ரோம் நகரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் கட்டிய ஊரில் ரோமில் உள்ளதெல்லாம் இருந்தது. நாடக அரங்கு, விலங்குச் சண்டைக்கு வட்டரங்கு, தேரோட்டக் களம், சந்தைவெளி, கோயில்கள், மூன்று திசைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்கள். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் பார்வை வேறாகிவிடுகிறது. அங்கே இருப்பது ரோமின் கலை என்பதைவிட, ரோமைப் போல இருக்க ஆசைப்பட்டவர்களின் கலை.

தேசிய ரோமானியக் கலை அருங்காட்சியகம் என்பது அதன் முழுப்பெயர். 1838இலிருந்து ஊரில் கிடைத்த கற்களையெல்லாம் சாந்தா கிளாரா என்ற பழைய கன்னிமாடத்துக் கோயிலில் போட்டு வைத்திருந்தார்கள். 1975இல், ஊரின் இரண்டாயிரமாவது ஆண்டைக் கொண்டாடும் சாக்கில், அதைத் தேசிய அருங்காட்சியகமாக அறிவித்தார்கள். பெயர் கிடைத்தது, இடம் போதவில்லை. நாடக அரங்கத்துக்கு எதிரிலேயே ஒரு மனையில் புதிய கட்டடம் எழுப்பும் வேலை ரஃபேல் மொனேயோ என்ற கட்டடக் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தது. 1986இல் திறந்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1996இல், கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு மொனேயோவுக்குக் கிடைத்தது.

தெருவிலிருந்து பார்த்தால் அருங்காட்சியகம் என்றே தோன்றாது. இருபுறமும் பிளாஸ்டிக் தலைக்கவசமும் மரக்கத்தியும் விற்கும் கடைகள். அவற்றுக்கு நடுவே, மேலே சிறு சாளரங்களும் பக்கவாட்டில் வரிசையாக முட்டுச் சுவர்களும் உள்ள நெடிய செங்கல் கட்டடம். தஞ்சாவூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய அரிசி ஆலையைப் போல இருந்தது எனக்கு. வாசலும் சிறியதுதான். நிலைக்கு மேல் வெள்ளைப் பளிங்கில் ‘மூசேயோ’ என்று ரோமானிய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

செங்கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாதாரணக் கட்டடத்தில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே விரற்கடை அளவுக்குச் சாந்து இருக்கும். இங்கே சாந்தே கண்ணுக்குத் தெரிவதில்லை. நீளமான, தட்டையான செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கியதுபோல இருக்கிறது. கிட்டப் போய்க் கையால் தடவினால்தான் மயிரிழை போன்ற இணைப்பு தட்டுப்படுகிறது. இரண்டு பக்கமும் செங்கல் முகம், நடுவில் கான்கிரீட். ரோமானியர்கள் சுவர் எழுப்பிய முறையும் இதுதான். இரண்டு முகங்களைக் கட்டி, இடையில் சுண்ணாம்பும் ஜல்லியும் கலந்த கலவையைக் கொட்டி இறுக்குவார்கள். பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது. தூண்களுக்குக் கொரிந்திய இலைக் கொத்துகளை ஒட்டவைக்கும் வேலையும் கிடையாது. மொனேயோ நினைத்திருந்தால் ஒரு போலி ரோமானியக் கோயிலைக் கட்டியிருக்கலாம், சுற்றுலாப் பயணிகள் சந்தோஷமாகப் படம் எடுத்திருப்பார்கள். அவர் ரோமானியத் தோற்றத்தைத் தொடவே இல்லை. ரோமானியக் கொத்தனாரின் வேலை முறையை மட்டும் கடன் வாங்கினார். பழமைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் பழமையைப் பார்த்து வரைகிறார்கள், மீதிப் பேர் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமில்லாத மூன்றாவது வழி அபூர்வம்.

உள்ளே ஒரு சரிவுப் பாதை இறங்குகிறது, பிறகு சிறு பாலம் ஒன்றைக் கடக்கிறோம். சட்டென்று கூரை மேலே போய்விடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக இணைச் சுவர்கள், ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு ஒரே அளவில் பிரம்மாண்டமான வளைவுகள். அந்த வளைவுகள் வழியே ஒரு நெடிய நடுக்கூடம் உருவாகிறது. கடைசிவரை பார்வை போகும். கூரையில் வரிசையாகச் சாளரங்கள். விளக்கு வெளிச்சத்தை நம்பாத அருங்காட்சியகம் இது. காலையில் வெளிச்சம் செங்கல்லின் ஒரு முகத்தில் விழுந்து கூடமே காவி படிந்து நிற்கிறது. மேகம் மறைத்தால் பளிங்கு எல்லாம் சாம்பல் நிறமாகிவிடுகிறது. சிலையைப் பார்க்க வந்தவர்கள் முதல் கால் மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பதை அன்று கவனித்தேன். இது கட்டடத்தின் குறையா என்று கேட்டால், ஓரளவுக்கு ஆம் என்பேன். இவ்வளவு பெரிய வளைவுக்கு முன்னால் சில நல்ல சிலைகள் சின்னதாகிப் போய்விடுகின்றன.

கூடத்தின் அடியில் இன்னொரு உலகம் இருக்கிறது. அடித்தளம் தோண்டும்போதே தெரிந்த விஷயம்தான். இந்த மனைக்குள் ரோமானியத் தெரு ஒன்று, வீடுகள், கல்லறைகள், தண்ணீர்க் கால்வாயின் துண்டு எல்லாம் இருந்தன. அவற்றை அகற்றவில்லை. நிலவறையில் அப்படியே விட்டு, மேலே சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். மொனேயோவின் சுவர்கள் பழைய சுவர்களின் போக்கைப் பின்பற்றுவதில்லை. அவற்றைக் கோணலாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. ஒரு வீட்டின் அறைக்குள் நடுவில் செங்கல் தூண் வந்து நிற்கிறது. முதலில் பார்க்கும்போது அத்துமீறலாகத்தான் பட்டது. இரண்டு காலத்துச் சுவர்களுக்கும் நடுவில் நடந்து போகப் போக, எது பழையது எது புதியது என்பதில் ஒரு கணம்கூடக் குழப்பம் வராததைக் கண்டேன். ஒழுங்காக ஒரே கோட்டில் கட்டியிருந்தால் இந்தத் தெளிவு கிடைத்திருக்காது. நிலவறையிலிருந்து ஒரு சுரங்கப் பாதை தெருவுக்கு அடியில் அரங்குகளை நோக்கிப் போகிறது.

மேலே வருவோம். நாடக அரங்கில் கிடைத்த சிலைகள் தரைத்தளத்தில் இருக்கின்றன. மேடையின் பின்சுவரில் நின்றவை. வீற்றிருக்கும் தானிய தேவதை செரெஸ் அவற்றில் முக்கியமானவள். மடியிலும் முழங்காலிலும் துணி விழும் விதத்தைச் செதுக்கியவர் நல்ல கைகாரர். எதிர்ப்புறம் அரங்கத்துக்குள் போனால் அதே சிலை மேடையின் நடுவாசல் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே இருப்பது நகல், மழை வெயிலுக்கு அதை விட்டுவிட்டு அசலை இங்கே வைத்துக்கொண்டார்கள். அரங்கத்தை ஒட்டியே கிடைத்த அகஸ்டஸின் தலையும் இங்கே இருக்கிறது. அங்கியை முக்காடாகத் தலைமேல் இழுத்துவிட்ட, தலைமைப் பூசாரிக் கோலம். அந்த முகத்தில் ஒரு வரிகூட இல்லை. போர், சதி, நாடுகடத்திய மகள், வாரிசுக்கு அல்லாடிய முதுமை எதுவும் அங்கே ஏறவில்லை. நேர்த்தியான வேலை, ஐயமே இல்லை. என்னால் அதன்முன் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

சந்தைவெளியில் கிடைத்தவை இன்னும் விசித்திரம். அகஸ்டஸ் ரோமில் தன் பெயரில் கட்டிய சதுக்கத்தில், தலையால் உத்தரம் தாங்கும் பெண் சிலைகளும், வட்டக் கேடயங்களில் செதுக்கிய ஜூபிட்டர் ஆமோன் முகங்களும் வரிசையாக இருந்தன. எமெரிட்டாக்காரர்கள் அதை அப்படியே இங்கே திருப்பிக் கட்டினார்கள். பெண்கள் இருக்கிறார்கள், ஆட்டுக்கொம்போடு ஜூபிட்டர் ஆமோன் இருக்கிறார், பாம்புத் தலை மெடூசாவும் இருக்கிறாள். தீப்பிடித்த டிராயிலிருந்து கிழட்டுத் தந்தையைச் சுமந்துகொண்டு மகனைக் கைப்பிடித்துத் தப்பும் ஈனியாஸின் சிற்பத் தொகுதியும் துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. அதுவும் ரோமில் அகஸ்டஸ் சதுக்கத்தில் நின்றதுதான். டோகா உடுத்திய பெரிய மனிதர்கள் சிலரின் சிலையில் ‘கையஸ் ஔலஸின் பட்டறை’ என்ற பொருளில் எழுத்து வெட்டியிருக்கிறது. உள்ளூர்ப் பளிங்கு, உள்ளூர்ப் பட்டறை, ரோமின் வடிவம்.

இந்த நகல்களைக் கேலி செய்வது சுலபம். அவை இறுக்கமாக இருக்கின்றன, துணி மடிப்புகள் கணக்குப் பாடம்போல் இருக்கின்றன. ஆனால் ரோமுக்குப் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும் ஓர் ஊரில், தலைநகரத்துச் சதுக்கத்தை அளவெடுத்து வந்து எழுப்பியவர்களுக்கு அழகு இரண்டாம்பட்சம். நாங்களும் அங்கத்தியவர்கள்தான் என்று கல்லில் எழுதிப் பதிவு செய்துகொள்கிறார்கள். அரசுக் கட்டடம் எந்த நாட்டில் எந்தக் காலத்தில் எழுந்தாலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. சொந்தக் குரலில் பேசும் இடம் அதுவல்ல.

சொந்தக் குரல் கல்லறைக் கற்களில் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரிசையாக அடுக்கிய எழுத்துப் பலகைகள், உடைந்த ஓரங்கள், புரியாத லத்தீன். பலவும் இறந்தவர்களின் ஆவிகளுக்குச் சமர்ப்பணம் என்று சுருக்கெழுத்தில் ஆரம்பித்து, மண் உன்மேல் பாரமாக அழுத்தாதிருக்கட்டும் என்ற வேண்டுதலோடு, அதுவும் நான்கே எழுத்துகளாகச் சுருங்கி, முடியும். நடுவில் பெயர், வயது, கல் நட்டவர் யார் என்ற விவரம். அவ்வளவுதான். ஆனால் சில கற்களில் உருவமும் உண்டு.

லுத்தாத்தியா லுப்பாத்தாவுக்கு 16 வயது. மாடம்போல் குடைந்த கல்லுக்குள் நின்று, நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம் ஒன்றை மார்போடு அணைத்து மீட்டிக்கொண்டிருக்கிறாள். கல்லை நட்டவள் லுத்தாத்தியா செவேரா என்ற பெண். எழுத்தின்படி லுப்பாத்தா அவளுடைய வளர்ப்புப் பெண். பெற்ற தாய் யார், அடிமைக் குழந்தையாகப் பிறந்தவளா, வாசிப்பதுதான் அவளுக்குப் பிழைப்பா, எதுவும் கல்லில் இல்லை. விரல்களைச் செதுக்கிய விதத்தில் அகஸ்டஸின் பளிங்கில் உள்ள மெருகு கிடையாது. கை கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருக்கிறது. ஆனால் வாத்தியத்தைப் பிடித்திருக்கும் பிடி சரியாக இருக்கிறது. இந்தக் கல்லை வெட்டியவர் அந்த வாத்தியத்தை யாரோ வாசிக்கப் பார்த்திருக்கிறார்.

சென்ட்டியா அமராந்திஸுக்கு 45 வயது. பெரிய பீப்பாய் ஒன்றின் முன் நின்று, கையில் ஜாடியைப் பிடித்து ஒயின் இறக்குகிறாள். கல் நட்டவர் கணவர் சென்ட்டியஸ் விக்டர். இந்தக் கல்லில் கலைத்திறன் என்று சொல்ல ஒன்றுமில்லை. உருவம் தட்டை, எழுத்துகள் வரிக்குள் அடங்காமல் முட்டிக்கொள்கின்றன. லத்தீனிலும் பேச்சு வழக்கு புகுந்திருக்கிறது, பள்ளியில் படித்தவர் எழுதியதல்ல. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதால், ஒரே எஜமானர் விடுதலை செய்த அடிமைகளாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. மதுக்கடை நடத்திப் பிழைத்திருக்கிறார்கள். மனைவியை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, விக்டருக்கு ரோமின் எந்த மாதிரியும் கைகொடுக்கவில்லை. பட்டு உடுத்தி, கையில் மலர் ஏந்தி நிற்கும் சீமாட்டியாக அவளைச் செதுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் அவளைத் தினமும் பார்த்த கோலத்தில், வேலை செய்யும்போதே, கல்லில் ஏற்றிவிட்டார். நான் நின்றிருந்தபோது பள்ளிக் குழந்தைகள் கூட்டம் ஒன்று வந்து தரையில் உட்கார்ந்து அந்தப் பீப்பாயைப் பென்சிலால் வரைய ஆரம்பித்தது. அகஸ்டஸை வரைந்துகொண்டிருந்தவர்கள் யாரும் கண்ணில் படவில்லை.

மூன்றாவது பெண்ணின் பெயர் ஜூலியா சத்துர்னினா. இவருக்கும் 45 வயது. கணவர் காசியஸ் ஃபிலிப்பஸ் நட்ட கல்லில், ஒப்பில்லாத மனைவி என்றும், மிகச் சிறந்த மருத்துவர் என்றும் எழுதியிருக்கிறது. கல்லின் பின்புறத்தில் துணியால் இறுகச் சுற்றிய கைக்குழந்தை உருவம். பிரசவமும் குழந்தை வைத்தியமும் பார்த்தவராக இருக்கலாம் என்பது அதை வைத்துச் செய்யும் ஊகம். மருத்துவச்சி என்பதற்கு லத்தீனில் தனிச்சொல் இருந்தும், கணவர் அதைப் போடவில்லை. மருத்துவர் என்றே பொறித்திருக்கிறார். ரோமானிய உலகத்தில் பெண் மருத்துவர்களுக்கான கல்வெட்டுகள் குறைவுதான். அவற்றில் ஒன்றைப் பேரரசின் மேற்கு ஓரத்து ஊர் வைத்திருக்கிறது.

ஊருக்குத் தெற்கே சான் அல்பின் என்றொரு மேடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காளைச் சண்டை அரங்கம் கட்டத் தோண்டினார்கள். கிடைத்தது மித்ராஸ் வழிபாட்டுக்குரிய சிற்பங்களின் குவியல். மித்ராஸின் கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். குகைக்குள் காளையைக் கொன்று உலகைப் படைக்கும் கடவுள் அவர். அந்தச் சிற்பங்கள் இப்போது அருங்காட்சியகத்தில், காளைச் சண்டை அரங்கம் இன்னும் அதே மேட்டில். பாறைமேல் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் மெர்க்குரி அவற்றில் அழகானவர். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் யாழின்மேல், கையஸ் ஆக்கியஸ் ஹெடிக்ரஸ் என்ற வழிபாட்டுத் தலைவர் அதைக் காணிக்கையாக்கிய செய்தி வெட்டியிருக்கிறது. ஆண்டு, குடியேற்றத்தின் 180ஆவது. நம் கணக்கில் கி.பி. 155. ஆட்சியில் இருந்த பேரரசரை வைத்தோ ரோமின் அதிகாரிகளை வைத்தோ அவர் தேதி போடவில்லை. ஊர் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறார். பல தலைமுறை கழிந்து, சிப்பாய்களின் பேரன்களுக்குப் பேரன்கள் வந்த பிறகு, ஊருக்குத் தனக்கென்று ஒரு காலக்கணக்கு வந்துவிட்டது. இன்னொரு சிற்பத்தில் ஓர் இளைஞனின் உடம்பைப் பாம்பு சுற்றியிருக்கிறது, நெஞ்சில் சிங்க முகம். காலத்தின் உருவம் என்கிறார்கள். அதன் முன்னால் போய் நின்றால் விளங்காத ஒரு மதத்தின் கூச்சம் நம்மையும் தொற்றிக்கொள்ளும்.

மொசைக் தளங்களை இங்கே சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். காலடியில் கிடக்க வேண்டியதைப் படம்போல மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தரையில் இருக்கும்போது நாம் அதன்மேல் நடந்து, ஒவ்வொரு மூலையாகக் கண்டு, முழுப்படத்தை மனத்தில் சேர்த்துக்கொள்கிறோம். நிமிர்த்திவிட்டால் எல்லாம் ஒரே பார்வையில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் இவ்வளவு பெரிய தளங்களை வைக்க வேறு இடமும் இல்லை, மொனேயோவின் உயரமான சுவர்கள் அவற்றுக்காகவே எழுந்தவை போலிருக்கின்றன. மேல் நடைபாதைகளில் ஏறினால் நடுப்பகுதிக்கு நேரே முகம் வைத்து ஒவ்வொரு சில்லாகப் பார்க்கலாம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தளத்தில் இரண்டு தேரோட்டிகள் நான்கு குதிரைகள் பூட்டிய தேரோடு நம்மை நோக்கியே வருகிறார்கள். ஒருவன் பெயர் மார்சியானஸ், இன்னொருவன் பவுலஸ். பெயருக்குப் பக்கத்தில் வெற்றி முழக்கம், கிரேக்கச் சொல்லை லத்தீன் எழுத்தில் கூட்டிப் போட்டது. மார்சியானஸின் குதிரைக்கும் பெயர் எழுதியிருக்கிறது, இலுமினாதோர். ஒரு பணக்காரர் தன் வீட்டுத் தரையில் அபிமான ஓட்டுநரையும் அவன் குதிரையையும் பதித்து வைத்திருக்கிறார். சாமி படமும் புராணக் காட்சியும் எத்தனையோ தளங்களில் உண்டு, விருந்தாளிகள் இதைத்தான் வெகுநேரம் பேசியிருப்பார்கள்.

நாடக அரங்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 16-15இல் அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா பெயரில் கட்டப்பட்டது. ஏறக்குறைய 6,000 பேர் உட்காரலாம். பிற்காலத்தில் மண் மூடி, மேல்வரிசை இருக்கைகளின் ஏழு துண்டுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊர்மக்கள் அதை ஏழு நாற்காலி என்று அழைத்தார்கள். ஏழு மூர் அரசர்கள் அங்கே உட்கார்ந்து ஊரின் கதியைத் தீர்மானித்தார்கள் என்று ஒரு கதையும் கட்டினார்கள். 1910இல் தொல்லியலாளர்கள் ஹோசே ரமோன் மெலிதாவும் மாக்சிமிலியானோ மசியாஸும் தோண்ட ஆரம்பித்தபோதுதான் நாற்காலிகளுக்குக் கீழே இருந்த அரங்கம் வெளியே வந்தது. அருங்காட்சியகம் நிற்கும் தெருவுக்கு மெலிதாவின் பெயர். 1933இல், ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்த செனெக்காவின் மெடியா நாடகம் இங்கே அரங்கேறியது. மொழிபெயர்த்தவர் எழுத்தாளர் உனாமுனோ, நடித்தவர் மார்கரித்தா ஷிர்கு. கோடைதோறும் நாடக விழா இன்றும் நடக்கிறது, இரவு பதினொன்றை ஒட்டித் தொடங்குவதும் உண்டு. அந்த வெயிலுக்கு வேறு வழியில்லை.

ஊரில் பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. குவாடியானாமேல் 60 வளைவுகளோடு கிட்டத்தட்ட 790 மீட்டர் நீளும் பாலத்தை அரை மணி நேரத்தில் போய்த் திரும்பலாம். 1990களின் தொடக்கம்வரை அதன்மேல் வாகனங்கள் ஓடின. தொட்டிப் பாலமான லோஸ் மிலாக்ரோஸை மாலையில் பார்ப்பது நல்லது. கருங்கல்லும் செங்கல்லும் மாறிமாறி அடுக்கிய உயர்ந்த தூண்கள், உச்சியில் நாரைக் கூடுகள். மொனேயோவின் செங்கல்லுக்கு வேர் எங்கே என்று அங்கே போனால் தெரியும். டயானா கோயில் என்று வழங்குவது உண்மையில் பேரரசர் வழிபாட்டுக்கான கோயில். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பிரபு அதன் தூண்களுக்கு நடுவே மாளிகை கட்டிக் குடியேறியதால் தூண்கள் தப்பின. புனித யூலாலியா கோயிலின் முன் இருக்கும் சின்ன மண்டபத்தை, 1612இல், மார்ஸ் தேவனின் கோயில் கற்களைக் கொண்டே கட்டினார்கள். மார்ஸுக்கு அர்ப்பணம் என்ற எழுத்து கன்னித் தியாகியான யூலாலியாவின் வாசலில் இன்னும் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை.

மெரிதாவில் வீடு கட்ட அஸ்திவாரம் போட வேண்டுமானால் முதலில் தொல்லியல் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். ஏதாவது அகப்பட்டால் வேலை நிற்கும். நான் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசைக்காரர், தன் மைத்துனர் வாகன நிறுத்தம் கட்டப் போய் ஒரு ரோமானியக் குளியலறைக்குச் சொந்தக்காரரான கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மைத்துனர் சிரிக்கவில்லையாம். ஆற்றங்கரையில் மொரேரியா என்ற இடத்தில் மாநில அரசு தன் அலுவலகங்களைக் கட்டக் கிளம்பியபோதும் இதுவே நடந்தது. தோண்டினால் ஒரு பேட்டையே வந்தது. கோட்டைச் சுவர், தெருக்கள், வீடுகள், பிற்காலத்து மூர் வீடுகள். அரசாங்கம் தூண்களை இறக்கி, அலுவலகத்தை மேலே தூக்கிவிட்டது. காலை பதினோரு மணிக்குப் போனால், ஊழியர்கள் காபி குடிக்கக் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். கீழே ரோமானியத் தெருவில் ஒருவர் மண்டியிட்டுத் தூரிகையால் மண் தட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏதோ சான்றிதழுக்கு வரிசை நின்றது.